வட்டத்துக்குள் பிள்ளையார் சுழி

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. எங்கள் ஆட்களுடைய ஏதாவது ஒன்றைக் காட்டி ஒரு வெள்ளைக்காரர் "இது என்ன?" என்று கேட்டுவிட்டால் போதும், விளக்கம் சொல்லாமல் என் வாய் மூடாது. மொன்றியலில், வில்லரேப் பகுதியில் நான் வேலை செய்யும் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குத் தீபாவளி என்றாலும் நான்தான் விளக்குவேன், தைப்பொங்கல் என்றாலும் நான்தான். நான் மட்டக்களப்புக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். வாழ்நாளில் ஒரு தீபாவளிக்கும் எண்ணெய் தேய்த்துக் குளித்ததில்லை. அது ஒரு தடையாகவே எனக்குத் தோன்றியதில்லை. முருகனுக்கு ஏன் இரண்டு மனைவி என்று ஒரு நத்தார் விருந்தில் அரை மணி நேரம் பிரெஞ்சில் விளக்கியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டில் இருந்த கேக்கைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார்கள். என் மகள் தலையில் அடித்துக்கொள்வாள். "அம்மா, உங்களை ஒருத்தரும் தூதுவரா அனுப்பேல்ல" என்பாள்.

இந்த வியாதியால் ஒரு மனிதருடைய வாக்கு போனது. போனது என்று எழுதுவதே தப்பித்துக்கொள்ளும் பேச்சு. நான் போக்கினேன்.

கியூபெக் மாகாணத் தேர்தல் வந்த அந்த ஆண்டு, வாக்களிப்பு நிலையங்களில் வேலை செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் பெயர் கொடுத்தேன். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் மேசைப் பொறுப்பாளர். வாக்குச் சீட்டைக் கொடுப்பதும், இரவு பெட்டியைத் திறந்து எண்ணுவதும், எது செல்லும் எது செல்லாது என்று தீர்மானிப்பதும் அவர். மற்றவர் செயலாளர். வாக்காளர் பட்டியலில் வந்தவரின் பெயருக்கு மேல் கோடு போடுவதும், நடக்கிறதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவதும் அவர் வேலை. என்னைச் செயலாளராகப் போட்டார்கள். இரகசியம் காப்பேன் என்று கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். ஒரு கையேடு தந்தார்கள். அதை மூன்று தரம் படித்தேன், முக்கியமான இடங்களுக்கு மஞ்சள் மை பூசினேன். "பள்ளிக்கூடத்தில இப்பிடிப் படிச்சிருந்தா இண்டைக்கு டொக்டர்" என்றார் என் கணவர். நான் இன்னொரு வரிக்கு மஞ்சள் பூசினேன். உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் தொகுதியில் அந்தமுறை இழுபறி. ஒரு பெண்மணிக்கும் ஒரு கனவானுக்கும் இடையில் போட்டி. மற்றவர்கள் பெயருக்கு நின்றார்கள். தொலைக்காட்சியைப் போட்டால் குடிவரவு, மொழி என்று எங்களைப் பற்றியே பேசினார்கள், எங்களோடு யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வீடு வேட்பாளர் படம் போட்ட அட்டை தொங்கியது. மெட்ரோ வாசலில் துண்டுப் பிரசுரம் நீட்டுகிறவர்கள், குளிரில் மூக்கு சிவந்து நின்றார்கள்.

அந்தப் பெண்மணிக்காக எங்கள் பக்கத்தில் ஓடித் திரிந்தவர் ஒருவர் இருந்தார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். உறவு இல்லை, ஊர்தான். மட்டக்களப்பில் வாவிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. ஊரில் ஒருவரையொருவர் கண்டதே கிடையாது. மொன்றியலில் ஒரு தமிழ்க் கடையில், மீன் வெட்டிக்கொண்டு நின்றவர் என் பேச்சைக் கேட்டுக் கத்தியை வைத்துவிட்டு, "நீங்க மட்டக்களப்பாகா?" என்று கேட்ட நாளிலிருந்து பழக்கம். யாழ்ப்பாணத்தார் நிறைந்த ஊரில், எங்கள் பக்கத்தார் பேச்சில் மட்டும் ஒட்டும் அந்த 'கா'வைக் கேட்டால் எங்களுக்குச் சும்மா கண் கலங்கும்.

அண்ணன் கடையில் மீனும் வெட்டுவார், தொலைபேசியில் வரும் ஓடர்களையும் எழுதுவார். ஒருநாள் அந்தப் பெண் வேட்பாளர் கடைக்கு வந்து, வணக்கம் சொல்லி, முருங்கைக்காயை எப்படிச் சமைக்கிறது என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதோடு அண்ணன் அவருடைய ஆளாகிவிட்டார். மீன் பையை நீட்டும்போதெல்லாம் "மறக்காதீங்க, திங்கக்கிழமை" என்பார். "முருங்கைக்காய் எப்பிடிச் சமைக்கிறதெண்டு கேட்டதுக்கே வோட்டா?" என்று நான் பகிடி பண்ணினேன். "அவ கேட்டாதானே தங்கச்சி, மற்றவன் கேக்கவுமில்லையே" என்றார்.

ஆனால் அவருக்கு வேட்பாளர் முக்கியமில்லை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கடையில் கூட்டம் இல்லாத நேரம், பாரை மீனைச் செதிள் உரித்துக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, ஐம்பத்தெட்டு வயசாகுது, நான் இன்னும் ஒரு வோட்டுப் போடல்ல, தெரியுமா? முதல் தரம் இயக்கப் பொடியன்மார் போடக்கூடாதெண்டு சொன்னாங்க. போகல்ல. ரெண்டாந்தரம் போனன். பள்ளிக்கூடத்தில வரிசையில நிண்டு உள்ள போனா, என்ட பேருக்கு மேல கோடு. 'உங்கட வோட்டுப் போட்டாச்சு, போங்க' எண்டான். ஆரு போட்டதெண்டு கேட்டன். துவக்கு வெச்சிருந்தவன் திரும்பிப் பார்த்தான். வந்திட்டன். மூணாந்தரம் அகதி முகாமில இரிந்தம். பட்டியல்ல பேரே இல்ல."

இங்கே வந்தும் அகதி வழக்கு இழுத்தது. வழக்கு முடிந்தபின் குடியுரிமைப் பரீட்சைக்குப் பயந்து, ஐம்பத்தைந்து வயது தாண்டினால் பரீட்சை இல்லை என்று காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. இதுதான் முதல் வாக்கு. சொல்லி முடித்துவிட்டு மீன் தலையை எனக்குத் தனியாகக் கட்டித் தந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் போன மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அந்தத் திங்கட்கிழமை ஓர் ஆரம்பப் பள்ளியின் விளையாட்டு மண்டபத்தில் எங்கள் மேசை. என்னோடு மேசைப் பொறுப்பாளராக இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு கியூபெக் அம்மா. முன்பு நூலகத்தில் வேலை செய்தவராம். ஆள் வராத நேரம் பின்னல் பின்னுவார். இளம் சிவப்பு நிறத்தில் ஒரு குழந்தைத் தொப்பி. "பேத்திக்கு" என்றார். நல்ல மனுஷி. அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

காலையிலேயே அண்ணன் வந்துவிட்டார். வெள்ளைச் சேட்டு, நீள் காற்சட்டை மடிப்புக் கலையாமல், நெற்றியில் விபூதி. நான் உத்தியோகத்தில் இருக்கிறேனாம், அதனால் தமிழில் கதைக்கக்கூடாது என்று அவராகவே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார். "பொன்ஜூர் மதாம்" என்றார் என்னிடம், முகத்தை இறுக்கிக்கொண்டு. நானும் "பொன்ஜூர் மெசியே" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வாக்காளர் அட்டையை நீட்டினார். பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன். அவர் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பெயருக்கு மேல் கோடு இல்லை என்று கண்டதும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். வரிசையில் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் வெளியே வந்து, மடித்த சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, உத்தியோகம் எல்லாம் மறந்து, மெதுவாகக் கேட்டார்.

"விழுந்திட்டா?"

"விழுந்திட்டு அண்ணன்."

நூலக அம்மாவிடம் மூன்று தரம் "மெர்சி" என்று நன்றி சொன்னார். போகும்போது கதவருகில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அந்த நாள் முழுக்க எனக்கு மனம் நிறைந்திருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினோம். எண்ணும்போது வேட்பாளர்களின் ஆட்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பெண் வேட்பாளரின் ஆள் ஒருத்திதான், அவள் எங்கள் மேசைக்கும் பக்கத்து மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். கனவானின் ஆள் எங்களோடேயே நின்றார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அவர் வந்த வேலையை அவர் செய்தார்.

இங்கே வாக்குச் சீட்டு கறுப்பு. வேட்பாளரின் படத்துக்கும் பெயருக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம். பென்சிலால் எழுத இடம் அந்த வட்டம் மட்டும்தான். நூலக அம்மா ஒவ்வொன்றாக விரித்து, எல்லோருக்கும் காட்டி, பெயரைச் சொல்லிக் குவியலில் வைப்பார். நான் எழுதுவேன். ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். இரண்டு குவியலும் ஒரே உயரத்தில் வளர்ந்தன. கண்ணாடிக்காரர் நகத்தைக் கடித்தார்.

அப்போது ஒரு சீட்டை விரித்தவர் சிரித்தார். பெண் வேட்பாளரின் வட்டத்துக்குள், பெருக்கல் குறிபோல ஓர் அழகான புள்ளடி. அதற்கு மேலே, அதே வட்டத்துக்குள், பொடி எழுத்தில் ஒரு பிள்ளையார் சுழி. உகரத்தின் வாலை நீட்டி, கீழே குட்டியாக இரண்டு கோடுகள்.

"யாரோ நத்தை கீறியிருக்கிறார்கள்" என்றார் நூலக அம்மா. "பரவாயில்லை, விருப்பம் தெளிவாகத்தான் இருக்கிறது." சொல்லிக்கொண்டே அதைப் பெண் வேட்பாளரின் குவியலுக்குக் கொண்டு போனார்.

"ஒரு நிமிடம்" என்றார் கண்ணாடிக்காரர். "இது என்ன?"

அவர் என்னைக் கேட்கவில்லை. இதை நான் எத்தனையோ தரம் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவர் சீட்டைப் பார்த்துத்தான் கேட்டார். நூலக அம்மா தோளைக் குலுக்கியிருப்பார், சீட்டு குவியலில் விழுந்திருக்கும். நான் பேனாவைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரியும் என்றேன். அது நத்தை இல்லை என்றேன். யானை முகமுள்ள ஒரு கடவுள் இருக்கிறார், எங்கள் இந்துக்கள் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் அவருக்கு இந்தக் குறியைப் போட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள், அப்போதுதான் தொடங்கிய காரியம் தடையில்லாமல் முடியும் என்று நம்புகிறார்கள், என் பள்ளித் தோழிகள் பரீட்சைத் தாளிலும் போடுவார்கள், கடிதத்திலும் போடுவார்கள் என்றெல்லாம், நல்ல இலக்கணப் பிரெஞ்சில், கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நூலக அம்மா "எவ்வளவு அழகான வழக்கம்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கண்ணாடிக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "அப்படியென்றால் இதைப் போட்டவர் உங்கள் சமூகத்தவர்" என்றார்.

"ஓம்" என்றேன்.

"இந்த மேசைக்கு அப்படி எத்தனை பேர் வந்தார்கள்? யார் போட்டது என்று உங்களுக்குத் தெரியுமோ?"

வந்த தமிழர்கள் நான்கு பேர். ஒரு தமிழ்நாட்டு டொக்டர் தம்பதி, இங்கேயே பிறந்து தமிழ் எழுதத் தெரியாத ஒரு பெண், அண்ணன். ஆனால் நான் அப்படி ஒவ்வொருவராகக் கழித்துப் பார்க்கவேயில்லை. தேவையும் இருக்கவில்லை. கடையில் அவர் ஓடர் எழுதும் துண்டுகள் என் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எத்தனை நாள் ஒட்டிக் கிடந்திருக்கின்றன. பாரை, கணவாய், கருவேப்பிலை என்று எழுதத் தொடங்குமுன் துண்டின் தலையில் வால் நீட்டிய அதே சுழி, அதே இரண்டு கோடு. என் தலை தானாக ஆடியது. தெரியும் என்று ஆடியது.

எங்கள் ஊரில், என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும், இராணுவச் சுற்றிவளைப்பில் ஆட்களை வரிசையாக நடத்திக்கொண்டு போவார்கள். முகத்தை மூடிய ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் வாய் திறக்க மாட்டான், தலையை மட்டும் ஆட்டுவான். யாருக்கு ஆட்டினானோ அவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் தலையாட்டி. அவனைப் போல ஒரு கேவலமான பிறவி உலகத்தில் இல்லை என்று சொல்லித்தான் நான் வளர்ந்தேன்.

நூலக அம்மாவின் முகம் மாறியது. அவர் கையேட்டைத் தேடினார். தேடத் தேவையில்லாமல், மேசையில் என்னுடையது திறந்தே கிடந்தது. வாக்காளரை அடையாளம் காட்டக்கூடிய குறி எதுவும் சீட்டில் இருந்தால் அது செல்லாது. அந்த வரிக்கு நான் மஞ்சள் பூசியிருந்தேன். "செயலாளருக்கே ஆளைத் தெரிகிறது என்றால்..." என்று சொல்லி நிறுத்தினார் கண்ணாடிக்காரர். பெண் வேட்பாளரின் ஆள் பக்கத்து மேசையில் இருந்து ஓடி வருவதற்குள் நூலக அம்மா தீர்மானம் சொல்லிவிட்டார். குரலில் விருப்பமே இல்லை. சீட்டு குவியலில் விழாமலே, நிராகரிக்கப்பட்டவற்றுக்கான உறைக்குள் போனது.

நான் சொன்னேன், எனக்கு நிச்சயமாகத் தெரியாது, சும்மா ஓர் ஊகம் என்று. கண்ணாடிக்காரர் மரியாதையாகச் சிரித்தார். ஆட்சேபனை என்ன, காரணம் என்ன, தீர்மானம் என்ன என்று பதிவுப் புத்தகத்தில் எழுதவேண்டியது செயலாளர். எழுதினேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து. ஒரு பிழை இல்லாமல் எழுதினேன்.

அண்ணனுடைய பெண் வேட்பாளர் தோற்றார். விரல் விட்டு எண்ணக்கூடிய வித்தியாசம். நீதிபதி முன்னால் திரும்ப எண்ணினார்கள். அப்போதும் அந்தச் சீட்டு செல்லாததாகவே கிடந்தது. அப்போதும் தோல்விதான், வித்தியாசம் இன்னும் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு வாக்குக்கு மேல் இருந்தது. இதைத்தான் நான் பல நாள் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அண்ணனுடைய ஒரு வாக்கு சேர்ந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று பாத்திரம் கழுவும்போது சொல்லிக்கொள்வேன், பஸ்ஸில் சொல்லிக்கொள்வேன். கணவரிடமும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "முடிவு மாறியிராதுதான்" என்றார். அந்தத் 'தான்' எனக்கு எரிச்சலாக இருந்தது.

முடிவு உறுதியான கிழமை கடைக்குப் போனேன். எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, யார் வாக்களிக்கப் போகவில்லை என்று பெயர் பெயராகச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் சந்தோஷமாக நின்றார்.

"தோத்தா என்ன தங்கச்சி, எண்ணித்தானே தோத்தது. ஒருக்கா எண்ணி, பிறகு நீதவானை வெச்சு இன்னொருக்கா எண்ணியிரிக்காங்க. என்ட வோட்டை ரெண்டு தரம் எண்ணியிரிக்காங்க." கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீங்க கண்ணால பார்த்திரிப்பீங்கதானே?"

"ஓம் அண்ணன்" என்றேன்.

அன்றைக்கு மீனை வழக்கத்தைவிடத் துப்பரவாக வெட்டித் தந்தார். வீட்டுக்கு வந்து அதை என்னால் சமைக்க முடியவில்லை. அடுத்த கிழமையிலிருந்து நான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினேன். மீன் வாங்குவதற்குப் பாலம் தாண்டி புரோசார்ட்டுக்குப் போனோம். "நல்ல மீன் பக்கத்தில விக்க, இதென்ன விசர் வேலை" என்று காரோட்டிக்கொண்டே கணவர் முணுமுணுத்தார். அங்கே நான் என்ன வாங்குகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. உறைந்த மீனைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்தோம்.

மாதா கோவிலில் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமியார் பொறுமையாகக் கேட்டார். நீங்கள் சட்டப்படி நடந்திருக்கிறீர்கள், வேண்டுமென்று செய்யவில்லை என்றார். அருள்நிறை மந்திரம் மூன்று சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று மூன்றுக்குப் பதிலாகப் பத்துச் சொன்னேன். எழும்பினபோது முழங்கால் வலித்தது, மனம் அப்படியே இருந்தது. மாதாவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லையே, அவவிடம் போய் மன்னிப்புக் கேட்டால் எப்படி ஆறும்.

பனி விழத் தொடங்கிய பிறகு ஒருநாள் அண்ணனின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டா. அவவை நான் அக்கா என்பேன். "ஏன்கா கடைப்பக்கம் காணல்ல? அவர் ஏதாவது பிழையாக் கதைச்சிட்டாரா? அவருக்கு நித்திரையில்ல, தங்கச்சி கோவிச்சிட்டாவோ எண்டு." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாறன் என்றேன்.

அவர்களுடைய வீடு இரண்டாம் மாடியில், வெளிப்படி முழுக்கப் பனி. அண்ணன் உப்புத் தூவி வைத்திருந்தார், நான் விழுந்துவிடக்கூடாது என்று. உள்ளே சூடாக இருந்தது. அக்கா தேத்தண்ணியும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தா. கண்ணாடி அலுமாரியில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், வாக்களிக்கும் இடத்தைச் சொல்லி வீட்டுக்கு வருமே அந்த அட்டை, அதைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் தேத்தண்ணியைத் தொடாமல் சொல்லத் தொடங்கினேன். இடையில் நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் மூச்சு விடாமல் சொன்னேன்.

அண்ணன் பலகாரத் தட்டைப் பார்த்தபடி கேட்டார். முடிந்தபிறகு, "நல்ல காரியந்தானே" என்றார். "முதல் வோட்டு. அவரை நினைக்காமத் துவங்க மனம் வரல்ல. பிழையெண்டு தெரியா."

"உங்களில ஒரு பிழையும் இல்ல அண்ணன்."

"அந்தக் குறியைக் கண்டா என்டயெண்டு அந்த வெள்ளைக்காரிக்கு எப்பிடித் தெரியும்?"

"அவவுக்குத் தெரியாது. சேர்த்து எண்ணத்தான் போனவ."

"பிறகு?"

"எனக்குத் தெரியும். அதை மட்டும் விட்டுட்டுச் சொன்னனான். நான்தான் தலையாட்டினனான்."

அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அவர் என்னைத் திட்டவேண்டும் என்று நான் விரும்பினேன். திட்டினால் அழலாம், அழுதால் மன்னிப்பார், தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அடுத்த கிழமை கடைக்கு வரலாம். இவ்வளவையும் நான் பஸ்ஸிலேயே யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் அவருக்காக வரவில்லை.

"இதைச் சொல்லத்தான் பனிக்குள்ள வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணன். மனசில வெச்சிரிக்க ஏலாமப் போச்சு."

அவர் தலையைக் குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். மீன் முள் கீறிய கைகள். கோபமே இல்லாத குரலில்தான் சொன்னார்.

"தங்கச்சி, நீங்க இண்டைக்கு வராம இரிந்திரிந்தா, நான் சாகுமட்டும் வோட்டுப் போட்ட மனிசனா இரிந்திரிப்பன்."

நான் எழும்பினேன். வாசலில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்ட எனக்கு நெடுநேரம் எடுத்தது. அவர் கதவைத் திறந்து பிடித்தபடி, நான் கட்டி முடிக்கும்வரை நின்றார்.